மலையகமும் இணையவழி உயர்கல்வியும்: ஆய்வுகள் சொல்வதும் சொல்லாததும்

ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா வட்டாரங்களில் கல்வி பற்றிப் பேசும் எந்த மேடையிலும் இரண்டு கோரிக்கைகள் தவறாமல் எழும். ஒன்று, மலையகத்துக்கு ஒரு பல்கலைக்கழகம். மற்றது, தோட்டங்களுக்கு ஒழுங்கான இணைய வசதி. முதலாவது தேர்தலுக்குத் தேர்தல் வாக்குறுதியாக வந்து போகிறது. இரண்டாவது, தொலைபேசிக் கோபுரங்கள் கூடக் கூட, மெல்ல நிறைவேறி வருகிறது. இணையம் வந்துவிட்டால் கட்டடம் எதற்கு, கொழும்பிலும் சென்னையிலும் நடக்கும் பாடத்தைப் பிள்ளைகள் கைபேசியிலேயே படித்துக்கொள்ளலாமே என்ற வாதமும் இப்போது அடிக்கடி கேட்கிறது. கேட்க இதமான வாதம், செலவும் குறைவு. ஆனால் இணையவழி உயர்கல்வி குறித்து உலகெங்கும் நடந்த ஆய்வுகள் அந்த வாதத்துக்குத் துணை நிற்கின்றனவா? அவை எந்த மாணவரை மனதில் வைத்து நடந்தன? மலையகப் பிள்ளை அந்தக் கணக்கில் வருகிறாரா? இக்கட்டுரை அந்த ஆய்வுகளை மலையகத்தின் கண் கொண்டு பார்க்க முயல்கிறது.

தபாலில் வந்த படிப்பு

தொலைக்கல்வி மலையகத்துக்குப் புதிதல்ல. தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்ற காலத்தில் பெரிய குறை ஆசிரியர் தட்டுப்பாடுதான். தோட்டச் சமூகத்திலிருந்தே இளைஞர்களும் யுவதிகளும் பயிற்சி பெறாமலே ஆசிரியர்களாக நியமிக்கப்பட்டார்கள். அத்தனை பேரையும் வகுப்பறையிலிருந்து எடுத்து இரண்டு மூன்று வருடம் பயிற்சிக் கலாசாலைக்கு அனுப்பினால் பாடசாலையைப் பூட்ட வேண்டியிருக்கும். 1980களில் தொடங்கிய, பின்னர் மஹரகம தேசிய கல்வி நிறுவகத்தின் கைக்கு வந்த தொலைக்கல்வி ஆசிரியர் பயிற்சி இந்த முடிச்சைத் தளர்த்தியது. அச்சிட்ட கற்றல் தொகுதிகள் வரும். ஆசிரியர் படித்து ஒப்படைகளை எழுதுவார். விடுமுறை நாட்களில் அருகிலுள்ள நிலையத்தில் வளவாளருடன் அமர்வார்.

இந்த முறை எவ்வளவு பயன்பட்டது என்பதை மரியா தெரேசா டாட்டோவும் இலங்கை ஆய்வாளர்களும் சேர்ந்து 1990களின் தொடக்கத்தில் ஆராய்ந்தார்கள். வதிவிடப் பயிற்சியையும் தொலைக்கல்விப் பயிற்சியையும் அவர்கள் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, செலவையும் பலனையும் சேர்த்து எடை போட்டால் தொலைக்கல்வி தாழ்ந்துபோகவில்லை என்று தெரிந்தது. இது இணையத்துக்கு முந்திய காலத்து முடிவு. அந்த முறையைத் தாங்கியது அச்சுத்தாள் மட்டுமல்ல, விடுமுறை நாளில் எதிரே உட்கார்ந்த வளவாளரும்தான் என்பதை மறக்கக்கூடாது. மலையகக் கல்வியின் அரசியல் பொருளாதாரத்தை ஆஞ்சலா லிட்டில் 1999இல் வெளியான நூலில் விரிவாக எழுதியிருக்கிறார். சமூகத்துக்குள்ளிருந்து உருவான ஆசிரியர் கூட்டம் தோட்டப் பிள்ளைகளின் கல்விக்கு எவ்வளவு பெரிய பலம் என்பதை அந்த வரலாற்றைப் படிப்பவர்கள் உணர்வார்கள். பின்னாளில் ஜெர்மனியின் உதவியோடு பத்தனையில் எழுந்த ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரியும் இந்தத் தொடர்ச்சியில் வந்ததே.

1980இல் நாவலையைத் தலைமையிடமாகக் கொண்டு இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம் உருவானது. வேலைக்குப் போய்க்கொண்டே பட்டம் படிக்கலாம் என்ற வழி அதனால் திறந்தது. சட்டமாணிப் பட்டத்தையும் பட்டப்பின் கல்வி டிப்ளோமாவையும் தமிழ்மொழியிலும் படிக்க முடிந்ததால் மலையக ஆசிரியர்கள், எழுதுவினைஞர்கள் பலருக்கு அது இரண்டாவது வாய்ப்பானது. 2003இல் ஆசிய அபிவிருத்தி வங்கியின் நிதியில் தொலைக்கல்வி நவீனமயமாக்கல் திட்டம் வந்தபோதுதான் அச்சுத்தாளின் இடத்துக்குக் கணனித்திரை வரத் தொடங்கியது. நாடெங்கும் அணுகல் நிலையங்கள் திறந்தார்கள். கிராமங்களில் ‘நெணசல’ நிலையங்களும், தோட்டங்களில் ‘பிரஜாசக்தி’ நிலையங்களும் கணனிகளோடு வந்தன. கணனியைப் பராமரிக்கவும் படிப்பவருக்கு வழிகாட்டவும் ஆள் இருந்த இடங்களில் அவை பிழைத்தன. ஆள் இல்லாத இடங்களில் அறை பூட்டுண்டு கிடந்தது.

உலக ஆய்வுகளின் நாற்பது வருடம்

கல்வித் தொழில்நுட்ப ஆய்வில் மிகப் பழைய சண்டை, கருவி கற்பிக்குமா என்பதே. 1983இல் ரிச்சர்ட் கிளார்க் என்ற அமெரிக்க ஆய்வாளர், ஊடகம் வெறும் வாகனம் என்று வாதிட்டார். மளிகைச் சாமான் கொண்டுவரும் லொறி எப்படி நம் ஊட்டத்தை மாற்றாதோ, அப்படியே பாடத்தைக் கொண்டுவரும் ஊடகமும் கற்றலை மாற்றாது என்றார். ரொபர்ட் கோஸ்மா போன்றோர் மறுத்தார்கள்: ஒவ்வொரு ஊடகத்துக்கும் உரிய திறன்கள் உண்டு, அவற்றைப் பயன்படுத்திப் பாடத்தை அமைத்தால் கற்றல் மாறும் என்றார்கள். 1999இல் தோமஸ் ரசல் நூற்றுக்கணக்கான ஒப்பீட்டு ஆய்வுகளைத் தொகுத்து, நேர்முக வகுப்புக்கும் தொலைவழி வகுப்புக்கும் பெறுபேற்றில் குறிப்பிடத்தக்க வேறுபாடில்லை என்று காட்டினார்.

அடுத்த கட்டம் நுணுக்கமானது. அமெரிக்கக் கல்வித் திணைக்களத்துக்காக பார்பரா மீன்ஸ் குழுவினர் 2009, 2010இல் வெளியிட்ட தொகுப்பாய்வு, நேர்முகமும் இணையமும் கலந்த முறை தனி நேர்முக வகுப்பைவிடச் சற்று நல்ல பலன் தருகிறது என்றது. கூடவே அவர்கள் ஓர் எச்சரிக்கையும் சொன்னார்கள்: கலப்பு முறையில் மாணவர் செலவிட்ட நேரமும் உள்ளடக்கமும் கூடுதலாக இருந்தன, ஆகவே அந்தப் பலனை ஊடகத்தின் கணக்கில் எழுதிவிட முடியாது.

மலையகத்துக்கு நெருக்கமானவை, யாருக்கு நட்டம் என்று கேட்ட ஆய்வுகள்தான். வாஷிங்டன் மாநிலச் சமூகக் கல்லூரிகளில் டி ஷூவும் ஷானா ஜாகர்ஸும் செய்த ஆய்வில், முழுக்க இணையவழி நடந்த பாடங்களில் எல்லா வகை மாணவரும் ஓரளவு சறுக்கினார்கள். ஏற்கெனவே புள்ளி குறைந்தவர்களும் கறுப்பின மாணவர்களும் அதிகம் சறுக்கினார்கள். எரிக் பெட்டிங்கர் குழுவினர் 2017இல் ஒரு பெரிய தனியார் பல்கலைக்கழகத்தின் தரவுகளை ஆராய்ந்து, ஒரே பாடத்தை இணையத்தில் படித்தவர்கள் குறைந்த பெறுபேறு பெற்றதோடு, படிப்பை இடையில் விடும் வாய்ப்பும் கூடியதாகக் கண்டார்கள். இணையவழிக் கல்வி கெட்டிக்காரரை அதிகம் கெடுப்பதில்லை. தடுமாறுகிறவரைத் தனியே விட்டுவிடுகிறது.

2012ஐ அமெரிக்கப் பத்திரிகைகள் திறந்த பெருந்திரள் பாடநெறிகளின் ஆண்டு என்று கொண்டாடின. கோர்செரா, எட்எக்ஸ் தளங்கள் உலகத்துக்கே ஹார்வர்டையும் ஸ்டான்போர்டையும் திறந்துவிட்டதாகப் பேசப்பட்டது. ஜோன் ஹான்சனும் ஜஸ்டின் ரைக்கும் 2015இல் பதிவுத் தரவுகளைப் பார்த்தபோது, அமெரிக்காவிலேயே வசதியான பகுதிகளில் வாழ்பவர்கள்தான் அதிகம் சேர்ந்திருந்தார்கள். 2019இல் ரைக்கும் ஹொசே ருய்பெரெஸ் வலியென்டேயும் வெளியிட்ட கணக்கின்படி, எட்எக்ஸ் பாடநெறிகளில் 2017-18இல் சேர்ந்தவர்களில் முடித்தவர்கள் 3 சதவீதத்துக்குச் சற்று மேல் மட்டுமே. கதவு திறந்திருந்தது உண்மை. உள்ளே போனவர் கையைப் பிடிக்க ஆள் இருக்கவில்லை.

ஏன் என்பதற்கு மைக்கேல் மூரின் கருத்து உதவும். தொலைவைக் கிலோமீட்டரில் அளக்காதீர்கள், கற்பவருக்கும் கற்பிப்பவருக்கும் இடையிலான உரையாடல் குறையும்போதுதான் தொலைவு கூடுகிறது என்றார் அவர். 2000இல் கரிசன், அண்டர்சன், ஆர்ச்சர் மூவரும் இணைய வகுப்புக்கு மூன்று இருப்புகள் தேவை என்றார்கள்: சிந்தனையின் இருப்பு, சக மாணவரின் இருப்பு, ஆசிரியரின் இருப்பு. பெருந்தொற்றின்போது பொட்ஸ்வானாவில் நோம் அங்ரிஸ்ட் குழுவினர் நடத்திய பரிசோதனை இதற்கு நல்ல சான்று. அது ஆரம்பப் பாடசாலைப் பிள்ளைகளைப் பற்றியது என்றாலும் பாடம் பெரியது. வீடுகளுக்குக் குறுஞ்செய்தியில் கணக்கு அனுப்பினார்கள். சிலருக்கு வாரம் ஒருமுறை ஆசிரியர் தொலைபேசியிலும் பேசினார். குறுஞ்செய்தி மட்டும் போன வீடுகளில் சொல்லத்தக்க மாற்றமில்லை. ஆசிரியரின் குரலும் சேர்ந்த வீடுகளில் பிள்ளைகள் கற்றார்கள். இதற்கு இணையமே தேவைப்படவில்லை.

பெருந்தொற்று காட்டியது

2020 மார்ச்சில் இலங்கையின் பாடசாலைகளும் பல்கலைக்கழகங்களும் மூடப்பட்டன. பல்கலைக்கழகங்களை இணைக்கும் ‘லேர்ன்’ வலையமைப்பு மிக விரைவாக சூம் வசதியை ஒழுங்கு செய்தது. தொலைபேசி நிறுவனங்கள் பல்கலைக்கழகச் சேவையகங்களுக்குக் கட்டணமின்றி வழிவிட்டன. அந்த வருடம் செப்டெம்பரில் ஆசிய அபிவிருத்தி வங்கி வெளியிட்ட ஆய்வுச் சுருக்கம், மாணவரில் ஏறக்குறைய 90 சதவீதத்தினர் இணையவழி வகுப்பை அடைய முடிந்ததாகச் சொன்னது. தெற்காசியாவில் இது பெருமைப்படத்தக்க எண்.

அந்த எண்ணை நிதானமாக வாசிக்க வேண்டும். அது பல்கலைக்கழகத்துக்குள் ஏற்கெனவே நுழைந்தவர்களைப் பற்றியது. கட்டணமில்லா வசதி அவர்களுக்குரியது. உயர்தரம் படித்துக்கொண்டிருந்தவருக்கும் ஹட்டனில் தனியார் கணனி வகுப்புக்குப் போனவருக்கும் அது இல்லை. அக்காலத்து மதிப்பாய்வுகளில் பெரும்பாலானவை இணையவழியே நடந்தவை. இணையம் எட்டாதவரை இணையத்தில் கேள்வி கேட்டுக் கண்டுபிடிக்க முடியாது. 2021இல் ஊவாவின் லுணுகலைப் பகுதியில் மாணவர்கள் காட்டு மரத்தில் கட்டிய குடிலில் ஏறிப் பாடத்தைத் தரவிறக்கிய படங்கள் வெளிநாட்டுச் செய்தி நிறுவனங்கள் வரை போயின. மதிப்பாய்வில் விடுபட்டவர்கள் அந்தப் படத்தில் இருந்தார்கள்.

‘அவசரத் தொலைக் கற்பித்தல் வேறு, இணையவழிக் கல்வி வேறு’ என்று சார்ல்ஸ் ஹொட்ஜஸும் சகாக்களும் 2020 மார்ச்சிலேயே எழுதினார்கள். பல மாதம் திட்டமிட்டு அமைப்பது ஒன்று, விரிவுரையை அப்படியே கமராவுக்கு முன் வாசிப்பது மற்றொன்று. நம் மாணவர்கள் பார்த்தது பெரும்பாலும் இரண்டாவதை. ஆகவே பெருந்தொற்று அனுபவத்தை வைத்து இணையவழிக் கல்வியைத் தள்ளுவதும் தவறு, கொண்டாடுவதும் தவறு. 2022இன் பொருளாதார நெருக்கடியில் எரிபொருள் இல்லாமல் பல்கலைக்கழகங்கள் மீண்டும் இணையத்துக்குப் போனபோது, மின்வெட்டு நாளுக்கு 13 மணி நேரம் வரை நீண்டதையும் கண்டோம். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலைநாட்டில் மண்சரிவை ஏற்படுத்தியபோது பாதையும் தொலைத்தொடர்பும் ஒன்றாகவே துண்டாகின. பாதை அடைபட்டால் இணையம் கைகொடுக்கும் என்ற நம்பிக்கைக்கு இங்கே எல்லை உண்டு.

லயத்துக் காம்பராவில் ஒரு விரிவுரை

தேசியப் புள்ளிவிவரங்கள் நாட்டை நகரம், கிராமம், தோட்டம் என மூன்றாகப் பிரித்துச் சொல்கின்றன. கணனி அறிவிலும் வீட்டில் கணனி இருப்பதிலும் தோட்டத்துறை தொடர்ந்து கடைசியில் நிற்கிறது. அந்த வரிசை நமக்குப் பழகிப்போனது. அந்த வரிசைக்குள் என்ன நடக்கிறது என்பதுதான் அதிகம் எழுதப்படாதது.

தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில், பத்துக்குப் பன்னிரண்டு அடி காம்பரா ஒன்றை எடுத்துக்கொள்வோம். முன்னால் சிறு திண்ணை, பின்னால் அடுப்படி. காலை எட்டு மணி விரிவுரை. அம்மா பெரட்டுக்கு, அதாவது காலை ஆட்கணக்குக்கு, போய்விட்டார். தம்பியும் தங்கையும் பாடசாலைக்குப் புறப்படுகிறார்கள். பாட்டிக்குத் தேநீர் வைக்க வேண்டும். கைபேசி ஒன்றுதான், அப்பா கொழும்பில் வேலை என்பதால் அவருடைய அழைப்பும் அதில்தான் வரும். பக்கத்துக் காம்பராவுக்கும் இதற்கும் இடையில் கூரைவரை சுவரில்லை. அங்கே ஓடும் தொலைக்காட்சி இங்கே கேட்கும். பத்து மணிக்கு மழை பிடித்தால் தகரக் கூரையில் விழும் சத்தத்தில் விரிவுரையாளரின் குரல் அமுங்கிப்போகும். கேள்வி கேட்க ஒலிவாங்கியைத் திறக்கக் கூச்சம்: மழையும் சேவலும் நாற்பது பேருக்குக் கேட்கும். மாணவி பேசாமலே இருந்துவிடுகிறாள். வரவுப் பதிவில் அவள் பெயர் இருக்கும். மூர் சொன்ன தொலைவு இதுதான்.

சிக்னலும் மலையின் அமைப்புக்குக் கட்டுப்பட்டது. கோபுரம் முகட்டில் நிற்கும். மேற்கணக்கு லயத்துக்கு நான்கு கோடு காட்டும் கைபேசி, பள்ளத்தில் இருக்கும் பணியக்கணக்கு லயத்தில் ஒன்றும் காட்டாது. 2025இல் செய்மதி இணையச் சேவை இலங்கைக்கு வந்தது. தொழில்நுட்பரீதியாக இந்தப் பள்ளங்களுக்கு ஏற்றது அதுவே. தோட்டக் குடும்பம் தனியே வாங்கக்கூடிய விலையில் அது இல்லை. 2021இல் நாட்கூலி 1,000 ரூபாயாக்கப்பட்டதே பெரும் போராட்டத்துக்குப் பிறகு. கொழுந்து நிறை குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் கூலிதான். நிகழ்படத்துடன் ஒரு மணி நேர வகுப்பு அரை ஜிபியையோ அதற்கு மேலோ தின்றுவிடும். வாரத்துக்குப் பத்து மணி நேரம் என்றால் ரீலோட்டுக்கே மாதத்தில் ஒரு நாட்பேராவது போகும்.

மொழி இரண்டாவது தடை. உயர்தரம் வரை தமிழில் படித்தவர், விஞ்ஞானமோ முகாமைத்துவமோ கணனியோ எடுத்தால் கம்பஸில் ஆங்கிலத்துக்குள் விழுகிறார். நேர்முக வகுப்பில் பக்கத்தில் இருப்பவரிடம் கேட்டுத் தப்பலாம். இணையத்தில் பக்கத்தில் ஆள் இல்லை. கொழும்புப் பல்கலைக்கழகம் 2000இல் தொடங்கிய தகவல் தொழில்நுட்ப வெளிவாரிப் பட்டமும், மொறட்டுவைப் பல்கலைக்கழகம் இலவசமாக வழங்கும் இணையவழி மென்பொருள் பாடநெறிகளும் நல்ல வாசல்கள்தான். அவை ஆங்கிலத்தில் இருப்பதால், வாசற்படியே பலருக்கு உயரம். இந்தியத் தொழில்நுட்பக் கழகங்கள் 2003இல் தொடங்கிய என்பிடெல் திட்டத்தில் சில பாடங்களின் தமிழ் வடிவம் இலவசமாகக் கிடைக்கிறது. நம் பாடத்திட்டத்தின் கலைச்சொற்களோடு அவற்றை இணைத்துத் தரும் வேலையை இங்கே ஒருவர் செய்தாக வேண்டும்.

கையும் திரையும்

தொழிற்பயிற்சியில் நிலைமை சற்று வேறு. ஹட்டனின் தொண்டமான் தொழிற்பயிற்சி நிலையம் போன்றவற்றில் இளைஞர்கள் மின்னிணைப்பு, வாகனத் திருத்தம், தையல் போன்ற கைத்தொழில்களைத் தேடி வருகிறார்கள். 1925இல் நிறுவப்பட்டு, இப்போது தலவாக்கலையில் இயங்கும் தேயிலை ஆராய்ச்சி நிறுவகத்திலும் தேயிலைத் துறைக்கு வேண்டிய அறிவு குவிந்திருக்கிறது. கவ்வாத்துக் கத்தியை எந்தச் சாய்வில் இறக்கினால் கிளை பிளவுபடாது என்பதைத் திரையில் பத்துமுறை பார்க்கலாம். வெட்டிப் பார்த்து, பக்கத்தில் நிற்பவர் திருத்தினால்தான் கை பழகும். ஆனால் மண்ணின் அமிலத்தன்மை, உர அளவு, நோய் அடையாளம், கணக்கு வைப்பு, பாதுகாப்பு விதிகள் ஆகியவற்றை முன்கூட்டியே திரையில் படித்துவிட்டு வந்தால் நேர்முக நாட்களை முழுக்கப் பயிற்சிக்கே ஒதுக்கலாம். தோட்டத்தில் வேலை செய்துகொண்டே கள உத்தியோகத்தராக உயர விரும்பும் இளைஞருக்கு, வேலையை விடாமல் படிக்கும் இந்த வழி பொருந்தும்.

இங்கே ஓர் அபாயமும் உண்டு. நகரத்துச் சுவர்களிலும் முகநூலிலும் ‘ஆறு மாதத்தில் டிப்ளோமா, ஒரு வருடத்தில் பட்டம்’ என்ற விளம்பரங்கள் மலிந்துவிட்டன. சங்கத்தில் கடன் எடுத்து, நகையை அடகு வைத்துப் பணம் கட்டும் பெற்றோர் இருக்கிறார்கள். பணம் கட்டுமுன் இரண்டு கேள்விகள் போதும்: பட்டம் என்றால், பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு அதை ஏற்கிறதா? தொழிற்பயிற்சி என்றால், மூன்றாம்நிலை, தொழிற்கல்வி ஆணைக்குழுவில் நிறுவனம் பதிவாகியிருக்கிறதா, தேசியத் தொழில் தகைமையில் எத்தனையாம் மட்டம்? பதில் மழுப்பினால் திரும்பிவிடலாம்.

ஆய்வில் உள்ள ஓட்டை

பல்கலைக்கழக அனுமதிப் புள்ளிவிவரம் மாவட்ட வாரியாக வெளியாகிறது. பின்தங்கிய மாவட்டங்களுக்கான 5 சதவீத ஒதுக்கீட்டில் நுவரெலியாவும் அடங்கும். ஆனால் அந்த மாவட்டத்திலிருந்து போகும் எல்லோரும் தோட்டத்துப் பிள்ளைகள் அல்லர். தோட்டத்துறை என்ற வகையும் போதாது. 2012 குடிசனமதிப்பில் 8 லட்சத்து 39 ஆயிரம் பேராகப் பதிவான மலையகத் தமிழரில் ஏராளமானோர் நகரங்களிலும் கிராமங்களிலும் வாழ்கிறார்கள். யார் சேர்கிறார், யார் இடையில் நிற்கிறார், எந்தப் பாடத்தில், எந்த மாதத்தில் என்று தெரியாமல் இணையவழித் திட்டத்தை மதிப்பிட முடியாது. நிறுவனங்களிடம் உள்நுழைவுக் கணக்கு இருக்கிறது. அதை வட்டாரம், பால், மொழி என்று பிரித்துப் பார்ப்பதுதான் மிச்சம். பெண்பிள்ளைகளைத் தனியே பார்ப்பது கட்டாயம். வீட்டிலிருந்து படிப்பது என்றால் அவர்களுக்கு வீட்டு வேலையும் சேர்ந்தே வரும்.

செயற்கை நுண்ணறிவு வந்தபின் ஆசிரியரே தேவையில்லை என்ற பேச்சும் தொடங்கிவிட்டது. தமிழில் ஐயம் தீர்க்கவும் ஆங்கிலப் பாடத்தை விளக்கவும் அது உதவும், சந்தேகமில்லை. யுனெஸ்கோவின் 2023ஆம் ஆண்டு உலகக் கல்விக் கண்காணிப்பு அறிக்கை கேட்ட கேள்வியை இங்கேயும் கேட்போம்: இந்தத் தொழில்நுட்பம் யாருடைய நிபந்தனையின்படி வருகிறது?

முடிவாக

நாற்பது வருட ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தால் மலையகத்துக்குரிய தீர்ப்பு தெளிவானது. இணையம் பாடத்தைக் கொண்டுவரும்; படிக்க வைப்பது ஆள். 1980களின் அச்சுத்தாள் காலத்தில் வெற்றி தந்ததும், பொட்ஸ்வானாவில் வேலை செய்ததும், என்பிடெல் இந்தியக் கல்லூரிகளில் உள்ளூர்க் கிளையும் வழிகாட்டியும் வைத்துச் செய்வதும் ஒன்றே.

ஆகவே பணத்தைக் கைக்கணனி விநியோகத்தில் மட்டும் கொட்ட வேண்டாம். ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா, மஸ்கெலியா, இராகலை என ஒவ்வொரு நகரிலும் மாலையிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் திறந்திருக்கும் ஒரு கற்றல் மண்டபம் வேண்டும்: மேசை, கதிரை, வேகமான இணையம், மின்சாரம் போனாலும் எரியும் விளக்கு, பெண்பிள்ளைகள் இருட்டுமுன் வீடு சேரப் பஸ் ஒழுங்கு. பாடசாலைகளின் கணனிக் கூடங்களும் பூட்டிக்கிடக்கும் தோட்ட நிலையங்களும் இதற்கு உடனே கைகொடுக்கும். அங்கே சம்பளம் பெறும் ஒரு வழிகாட்டி இருக்க வேண்டும்; இரண்டு வாரம் உள்நுழையாத மாணவரைத் தொலைபேசியில் அழைப்பது அவருடைய வேலையின் முதல் வரி. முதல் பருவத்துக்குத் தமிழில் பாலப் பாடங்கள் வேண்டும். திறந்த பல்கலைக்கழகமும் ஏனைய பல்கலைக்கழகங்களும் வட்டாரவாரித் தரவை வருடந்தோறும் வெளியிட வேண்டும்.

மலையகப் பல்கலைக்கழகக் கோரிக்கைக்கு இணையவழிக் கல்வி மாற்று ஆகாது. அந்தப் பல்கலைக்கழகம் எழும்வரை காத்திராமல் இந்த மண்டபங்களை இன்றே திறக்கலாம். எழுந்த பின்னும் அவையே அதன் கிளைகளாக இருக்கலாம்.